பழைய ஹல்லரை மீட்டெடுப்போம்: நம்ம நெல்லை நாமே அரைக்க ஒரு பாடம்

பாரம்பரிய நெல் போடுகிற நண்பர்கள் பலருக்கும் விளைவிப்பதில் இப்போது சிக்கல் இல்லை. விதை கிடைக்கிறது, அமிர்தக்கரைசலும் மீன் அமிலமும் வீட்டிலேயே தயாராகிறது. அறுவடைக்குப் பிறகுதான் தலைவலி. மூன்று மூட்டை மாப்பிள்ளைச் சம்பா, இரண்டு மூட்டை கருப்புக் கவுனி என்று எடுத்துப் போனால் பெரிய நவீன அரிசி ஆலையில் வாங்க மாட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்த மிஷினின் தொண்டை நனையவே நம்ம ஐந்து மூட்டை போதாது. வாங்கினாலும் யாருடைய நெல்லோடு கலக்கும், எவ்வளவு தீட்டி வரும் என்று நமக்குத் தெரியாது. சிவப்பு அரிசியைக் கொடுத்துவிட்டு வெள்ளை அரிசியை வாங்கி வந்த கதை நம்ம கூட்டங்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கடைசியில் என்ன நடக்கிறது? நெல்லாகவே வியாபாரியிடம் போட்டுவிடுகிறோம். இயற்கை வழியில் விளைந்த நெல், மற்ற நெல்லோடு மற்ற நெல்லாகப் போய்விடுகிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். டெல்டாவில் ஊருக்கு ஊர் ஹல்லர் மில் இருந்தது. இன்று பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே இருக்கிற வார்ப்பிரும்பு மிஷினைப் பழைய இரும்புக் கடைக்காரர் கிலோ கணக்கில் எடுத்துப் போகிறார். பத்து விவசாயிகளுக்கு இன்னும் இருபது வருஷம் உழைக்கக்கூடிய மிஷின் அது.

பணி ஓய்வுக்குப் பிறகு, கொட்டகையில் ஒரு மூலையைப் பட்டறையாக ஒதுக்கிக்கொண்டு இந்த வேலையில் இறங்கினேன். இன்ஜினியரிங் படித்தவன் இல்லை. பேங்கில் கணக்குப் பார்த்தவன். அதனால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம் என்ற தைரியத்தில் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

ஹல்லர் எங்கிருந்து வந்தது?

நாம் ஹல்லர் என்று சொல்கிற மிஷினை 1880-களில் பிரேசில் நாட்டில் எவரிஸ்டோ கொன்ராடோ எங்கல்பர்க் என்பவர் உருவாக்கினார். காப்பிக்கொட்டைக்கும் நெல்லுக்கும் தோல் நீக்குவதற்காகச் செய்தது. அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரில் அவர் பெயரிலேயே கம்பெனி வைத்து, அங்கிருந்து நெல் விளைகிற நாடுகளுக்கெல்லாம் பரவியது. பிறகு அதே அமைப்பில் நம்ம நாட்டிலேயே வார்க்க ஆரம்பித்தார்கள்.

உரலும் உலக்கையும் ஒதுங்கியதற்கு இந்த மிஷினும் ஒரு காரணம். அதையும் மறைக்கக் கூடாது. மிஷின் வந்தபின் அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டுவது சுலபமாகிவிட்டது. தவிட்டோடு தயாமின் என்கிற பி1 சத்தும் போனது. தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்த மக்களுக்குப் பெரிபெரி நோய் வந்தது. அதை ஆராய 1918-ல் நம்ம குன்னூரில் தனிப் பிரிவே தொடங்கினார்கள். ராபர்ட் மெக்காரிசன் அங்கே வேலை செய்தவர். அந்தப் பிரிவுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தில், நம்ம தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா கைக்குத்தல் அரிசிக்காகப் பாடுபட்டதும் இதனால்தான்.

அப்படியென்றால் அந்த மிஷினையே ஏன் தூக்கிப் பிடிக்கிறாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எவ்வளவு தீட்ட வேண்டும் என்பதை ஹல்லரில் ஒரு பிளேடும் ஒரு கதவும்தான் தீர்மானிக்கின்றன. அதைத் திருப்புகிற கை மில்காரருடையதாக இருந்தால் வெள்ளை அரிசி. நம்முடையதாக இருந்தால் நமக்கு வேண்டிய அரிசி.

உள்ளே என்ன நடக்கிறது?

மிஷினைக் கழற்றும் முன் அது வேலை செய்கிற விதம் மனதில் பதிய வேண்டும்.

நடுவில் ஒரு வார்ப்பிரும்பு உருளை, படுக்கைவாட்டில் சுழலும். நெல் விழுகிற பக்கம் உருளையின் மேல் வரிகள் திருகாணி மாதிரி சாய்ந்திருக்கும். இவை நெல்லை உள்ளே தள்ளும். அதற்கப்புறம் வரிகள் நேராக இருக்கும். இவைதான் தேய்க்கும் வேலையைச் செய்கின்றன. உருளையைச் சுற்றி இரண்டு பாதியாகப் பிரிகிற கூடு. கீழ்ப் பாதியில் நீளத் துளை போட்ட சல்லடைத் தகடு. கூட்டின் பக்கவாட்டில், உருளையை நோக்கி நீட்டிக்கொண்டு ஒரு எஃகுப் பிளேடு. இதை முன்னே பின்னே நகர்த்தலாம். நெல் நுழைய மேலே ஹாப்பரும் கதவும், அரிசி வெளியேற இன்னொரு முனையில் இன்னொரு கதவும்.

உருளை சுழலும்போது நெல் பிளேடில் தடைபட்டு, நெல்லோடு நெல் உரசி, உமி உடைகிறது. உடைந்த உமியே அரிசியைத் தேய்த்துத் தவிட்டையும் எடுக்கிறது. உமித்தூளும் தவிடும் சல்லடை வழியே கீழே விழும். அரிசி கடைசியில் வெளியே வரும். உமி நீக்குவதும் தீட்டுவதும் ஒரே அறையில் நடக்கிறது. ஹல்லரின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் உருளை மிஷினை விட ஹல்லரில் நொய் அதிகம், மொத்த அரிசி குறைவு. உமியும் தவிடும் கலந்து வருவதால் அந்தத் தவிட்டில் எண்ணெய் எடுக்க முடியாது. மாட்டுக்கும் சுத்தத் தவிடு மாதிரி வராது. இந்தக் காரணங்களால்தான் அரசாங்கமும் நவீன ஆலைகளை ஊக்குவித்தது. கையில் பணம் இருக்கிற குழு, சின்ன ரப்பர் உருளை மிஷின் ஒன்றைப் புதிதாக வாங்கி உமி நீக்க வைத்துக்கொண்டு, பழைய ஹல்லரைத் தீட்டுவதற்கு மட்டும் பயன்படுத்தலாம். இரண்டையும் சேர்த்தால் நல்ல அரிசி, சுத்தமான உமி, தனித் தவிடு எல்லாம் கிடைக்கும். பணம் இல்லாத இடத்தில் ஹல்லர் ஒன்றே போதும். புழுங்கல் அரிசிக்கு அது தாராளமாக உதவும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருப்பதைவிடத் துருப்பிடித்து நிற்கிற மிஷினே நல்லது. குறை மறைந்திருக்காது.

முதலில் கூட்டில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய பாகத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினால் கோயில் மணி மாதிரி 'டிங்' என்று நீண்டு கேட்க வேண்டும். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் சந்தேகம். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே விபூதியோ சாக்பீஸ் தூளோ தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து, கோடு போட்ட மாதிரி ஈரம் தெரியும். கூடு விரிசல் என்றால் அந்த மிஷினை விட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பு வெல்டிங் எல்லாப் பட்டறையிலும் சரியாக வராது. பக்குவமாகச் சூடேற்றாமல் வைத்தால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும்.

இரண்டாவது உருளை. வரிகளின் விளிம்பில் விரலை வையுங்கள். விளிம்பு தட்டுப்பட வேண்டும். கூழாங்கல் மாதிரி வழவழப்பாக உருண்டிருந்தால் உருளை தேய்ந்துவிட்டது. உருளை, பிளேடு, சல்லடை மூன்றும் தேய்கிற சாமான்கள்தான். அந்த அளவுக்குப் புதிது கிடைக்கிறதா என்று மில் சாமான் கடையில் விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.

மூன்றாவது ஷாஃப்ட். 'வி' வடிவில் வெட்டிய இரண்டு மரக்கட்டைகளில் ஷாஃப்டைக் கிடத்தி, பக்கத்தில் ஒரு ஆணியைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தி, கையால் உருட்டுங்கள். ஆணிக்கும் ஷாஃப்டுக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. லேத் பட்டறை வேலை உண்டு. அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கழற்றுவது

கழற்றும் முன் நான்கு பக்கமும் செல்போனில் படம் எடுங்கள். எந்தப் பாகம் எந்தப் பக்கம் என்று பஞ்ச் வைத்து ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என அடையாளம் அடியுங்கள். சாக்பீஸ் குறி துடைக்கும்போதே போய்விடும். போல்ட்களை டப்பாவில் மொத்தமாகப் போடாமல், கழற்றிய ஓட்டையிலேயே திரும்ப இரண்டு சுற்று முறுக்கி வையுங்கள்.

துருவேறிய நட்டு வராவிட்டால் பலத்தைக் காட்டக் கூடாது. டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் சுத்தியலால் நாலு பக்கமும் லேசாகத் தட்டி, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை அசைத்து, அப்புறம் தளர்த்துங்கள். மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை. கேஸ் வைத்துச் சூடாக்கினால் சீக்கிரம் வரும் என்பார்கள். ஒரே இடத்தில் சூடேறினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். முடியாத நிலையில் நட்டை அறுத்து எடுப்பதே மேல். நட்டுக்குப் பத்து இருபது ரூபாய்தான்.

துரு எடுப்பது

பெரிய பாகங்களுக்குக் கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போதும். பழைய பெயின்ட் இருக்கிற இடத்தை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம். ஈரத்துணி போட்டுச் சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் கட்டித் தனியே வையுங்கள். வயலிலோ எருக்குழியிலோ போடக் கூடாது. தவிடும் அரிசியும் படுகிற உள்பக்கத்தில் ஒரு பொட்டுப் பெயின்ட் இருக்கக் கூடாது.

சின்னப் பாகங்களுக்கு ஒரு அருமையான முறை உண்டு. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், பத்து லிட்டருக்கு மூன்று நான்கு கரண்டி சலவைச் சோடா. பழைய இரும்புத் தகட்டை ஒரு பக்கம் தொங்கவிட்டு 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் முனையை அதில் கொடுங்கள். துருப்பிடித்த பாகத்தை நடுவில், தகட்டில் படாமல் தொங்கவிட்டு நெகட்டிவ் முனையைக் கொடுங்கள். ஒரு நாளில் துரு கறுத்து இளகிவிடும். கழுவினால் போகும். நல்ல இரும்பை அது அரிக்காது. மூன்று எச்சரிக்கை: திறந்த வெளியில் செய்யுங்கள், தீ கிட்டே வரக் கூடாது, ஏனென்றால் ஹைட்ரஜன் வாயு வரும். சார்ஜரை அணைத்த பிறகே கையை விடுங்கள். எவர்சில்வர் தகட்டை உபயோகிக்காதீர்கள், அதிலுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கி விஷமாகும்.

கழுவியவுடன் துடைத்து வெயிலில் காயவைத்து, தானியம் படும் இடங்களுக்குத் தேங்காய் எண்ணெய் மெல்லிசாகத் தடவுங்கள். விட்டால் அரை மணி நேரத்தில் செம்மண் பூசியது போல் மறுபடி துரு பூக்கும்.

பேரிங், சல்லடை, பிளேடு

பழைய மிஷினில் பெரும்பாலும் புஷ் பேரிங் இருக்கும். ஷாஃப்டை மேலும் கீழும் அசைத்தால் 'லொட லொட' என்றால் புஷ் மாற்ற வேண்டும். லேத் பட்டறையில் கன்மெட்டலில் கடைந்து கொடுப்பார்கள். இடம் இருந்தால் பிளம்மர் பிளாக்கோடு பால் பேரிங் போட்டுவிடலாம். எதுவானாலும் கிரீஸ் கசிந்து அரிசிப் பக்கம் போகாமல் ஃபெல்ட் வளையம் போடுவது முக்கியம். நாம் ஊருக்கு விற்பது நஞ்சில்லா உணவு என்பது ஞாபகம் இருக்கட்டும்.

சல்லடையைப் புதிதாகவே போடுங்கள். நெல்லின் வாகைப் பொறுத்துத் துளை அகலம் மாறும். சீரகச் சம்பாவுக்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் ஒரே சல்லடை சரிவராது. கடைக்குப் போகும்போது நீங்கள் அரைக்கப்போகிற அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்துப் போய்த் துளையில் நுழைத்துப் பாருங்கள். முழு அரிசி நுழையக் கூடாது. பொருத்தியபின் தகடு எங்கேயும் புடைத்து உருளையைத் தொடாமல் இருக்கிறதா என்று கையால் உருளையைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

பிளேடின் விளிம்பு நேராக இருக்க வேண்டும். ஒரு ஓரம் மழுங்கினால் திருப்பிப் போடலாம். உருளையின் நீளம் முழுக்க இடைவெளி ஒரே சீராக இருக்கட்டும். ஒரு பக்கம் நெருங்கி ஒரு பக்கம் விலகினால், ஒரு பக்கம் நொய், ஒரு பக்கம் நெல்.

வேகக் கணக்கு

ஹல்லர் உருளை நிமிடத்துக்கு 600 முதல் 900 சுற்றுக்குள் ஓட வேண்டும். வேகம் கூடினால் நொய் கூடும். குறைந்தால் நெல் நெல்லாகவே வரும். கணக்கு சுலபம்:

மோட்டார் வேகம் × மோட்டார் புல்லி விட்டம் ÷ ஹல்லர் புல்லி விட்டம் = உருளை வேகம்.

மோட்டார் 1440 சுற்று, அதன் புல்லி 5 அங்குலம், ஹல்லர் புல்லி 10 அங்குலம் என்றால் 720 சுற்று. சரியான வேகம். அதே மோட்டாரில் 6 அங்குலமும் ஹல்லரில் 9 அங்குலமும் போட்டால் 960. அதிகம். 4-ம் 12-ம் போட்டால் 480. போதாது. பெல்ட் கொஞ்சம் வழுக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மில்லில் இருந்த பெரிய ஹல்லர் 15 முதல் 20 எச்.பி. கேட்கும். வீட்டுக் கொட்டகைக்கு அது ஆகாது. சின்ன அளவு ஹல்லராகத் தேடுங்கள். மும்முனை மின்சாரம் இருந்தால் நல்லது. பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச விவசாய இணைப்பிலிருந்து கம்பி இழுத்து மில் ஓட்டாதீர்கள், அது விதிமீறல். முறையாகத் தனி இணைப்பு வாங்குங்கள். அரிசியாக விற்கப்போகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்துகொள்ள வேண்டும்.

நிறுத்துவது

கான்கிரீட் மேடை போட்டு, போல்ட் பதித்து, ரசமட்டம் பார்த்து இறுக்குங்கள். மோட்டார் புல்லியும் ஹல்லர் புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். நூல் இரண்டு புல்லியின் முகத்திலும் நான்கு இடத்தில் தொட வேண்டும்.

பெல்ட்டுக்கு மூடி போடாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. நம்ம ஊர் மில்களில் வேட்டி நுனியும் துண்டும் சேலைத் தலைப்பும் பெல்ட்டில் மாட்டி நடந்த விபத்துகள் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கம்பி வலையும் நாலு ஆங்கிளும் போதும், கூண்டு ரெடி. மோட்டாருக்கு எர்த் கட்டாயம். நிறுத்துகிற சுவிட்ச், ஹாப்பர் பக்கம் நிற்பவரின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். ஹாப்பரில் அடைத்தால் குச்சியும் விடக் கூடாது, கையும் விடக் கூடாது. நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதல் ஓட்டம் வெறுமனே அரை மணி நேரம். பிறகு நிறுத்தி பேரிங்கில் கை வையுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம். அதன்பின் ஒரு மூட்டை உமியை இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள். உள்ளே மிச்சமிருக்கிற துருவையும் எண்ணெயையும் உமி தேய்த்து எடுத்துவிடும். அடுத்து பத்து கிலோ பழைய நெல். இதையெல்லாம் யாரும் சாப்பிடக் கூடாது, மாட்டுக்கும் வைக்கக் கூடாது. கடைசியாக வந்த அரிசியில் காந்தத்தை விட்டுத் துழாவிப் பாருங்கள். இரும்புத்தூள் ஒட்டாத வரைக்கும் இதையே திரும்பச் செய்யுங்கள். ஹாப்பர் வாயில் ஒரு காந்தத்தை நிரந்தரமாக வைத்துவிடுவதும் நல்ல பழக்கம். கதிர் அடிக்கிற மிஷினிலிருந்து ஆணி, நட்டு எல்லாம் நெல்லோடு வருகிறது.

அரைக்கும் பக்குவம்

பாதி வேலை நெல்லிலேயே இருக்கிறது. ஈரப்பதம் 13, 14 சதவீதத்துக்குள் வேண்டும். மீட்டர் இல்லாதவர்கள் பல்லில் வைத்துக் கடிக்கலாம். 'டக்' என்று உடைந்தால் பதம். நசுங்கினால் ஈரம். சுள்ளென்ற வெயிலில் மெல்லிசாகப் பரப்பி அவசரமாகக் காயவைத்தால் அரிசிக்குள் மயிரிழை வெடிப்பு விழும். அப்படிப்பட்ட நெல்லை எந்த மிஷினில் போட்டாலும் நொய்தான். கனமாகப் பரப்பி, அடிக்கடி கிளறிக் காயவைத்து, ஒரு ராத்திரி நிழலில் ஆறவிட்டு அரையுங்கள். புழுங்கல் போட்ட நெல்லில் அரிசி இறுகியிருப்பதால் ஹல்லரில் நொய் குறையும். பச்சரிசிக்கு ஹல்லர் அவ்வளவு உகந்ததல்ல. கல், பதர், கருக்காய் எல்லாவற்றையும் முதலிலேயே தூற்றி எடுத்துவிட வேண்டும்.

இரண்டு தடவையாக அரைப்பதுதான் நம்ம அரிசிக்கு ஏற்ற வழி. முதல் தடவை பிளேடைத் தள்ளி வைத்து, வெளிவாய்க் கதவை நன்றாகத் திறந்து, உமியை மட்டும் உடையுங்கள். வந்ததைக் காற்றாடியில் தூற்றுங்கள். கொஞ்சம் நெல் தங்கியிருக்கும், கவலை வேண்டாம். இரண்டாவது தடவை பிளேடைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று நெருக்கி ஓட்டுங்கள். கருப்புக் கவுனிக்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் நிறம் தவிட்டுப் பகுதியில்தான் இருக்கிறது. அதனால் அரிசியின் நிறமே உங்களுக்கு மீட்டர். நிறம் கீறல் கீறலாக வெளுக்க ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். தூயமல்லி மாதிரி வெள்ளை ரகத்தில் அரிசியின் மூக்கைப் பாருங்கள். கரு உதிராமல் இருந்தால் நல்ல அரவை.

அறை எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். ஹாப்பரில் நெல் குறைந்தால் உருளை அரிசியை அடித்து உடைக்கும். வெளியே வருகிற அரிசியைக் கையில் ஏந்திப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. சுட்டால் இறுக்கம் அதிகம், உடனே தளர்த்துங்கள்.

கணக்கு எழுதுங்கள்

பழக்க தோஷம், இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஒவ்வொரு ரகத்துக்கும் முதலில் பத்து கிலோ வைத்துச் சோதனை அரவை செய்யுங்கள். உதாரணத்துக்கு, பத்து கிலோ நெல்லில் நொய்யோடு சேர்த்து அரிசி 6.3 கிலோ, உமித்தவிடு 3.5 கிலோ, தூசியாகப் போனது 0.2 கிலோ என்று வைப்போம். அரவைக் காணல் 63 சதவீதம். அந்த 6.3-ல் நொய் 0.9 கிலோ என்றால் சுமார் 14 சதவீதம் நொய். பிளேடை மாற்றி இன்னொரு பத்து கிலோ. எந்த நிலையில் காணல் கூடி நொய் குறைகிறதோ அந்த நிலையைப் பிளேடு திருகில் பெயின்டால் குறித்து, நோட்டில் ரகத்தின் பெயரோடு எழுதுங்கள். நான்கு ரகம் பயிரிட்டால் நான்கு குறி.

செலவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அரைக்கும் முன்னும் பின்னும் மின் மீட்டர் பார்த்து யூனிட்டைக் குறியுங்கள். 5 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் மணிக்கு நாலு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். ஆள் கூலி, வீட்டு ஆள் என்றாலும் எழுத வேண்டும். பிளேடு, சல்லடை, பெல்ட் தேய்மானத்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று தனி உண்டியலில் போடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். இரண்டாவது வருஷம் சல்லடை கிழியும்போது கையில் காசில்லாமல் மிஷின் மறுபடி துருப்பிடிக்க நிற்கும்.

கடைசியில் ஒரே ஒரு ஒப்பீடு. நூறு கிலோ நெல்லை நெல்லாக விற்றால் எவ்வளவு? அதே நூறு கிலோவில் அரிசி, நொய், தவிடு விற்று, எல்லாச் செலவும் கழித்தால் எவ்வளவு? இரண்டாவது தொகை தெளிவாகக் கூடவில்லை என்றால், சாப்பாட்டுக்கு மட்டும் அரைத்துக்கொண்டு மிச்சத்தை வேறு வழியில் விற்கலாம். மிஷின் ஆசைக்காக நஷ்டப்படக் கூடாது.

அரைத்த பிறகு

அரைகுறையாகத் தீட்டிய அரிசியில் தவிட்டு எண்ணெய் இருக்கிறது. நாளானால் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் சீக்கிரம் வரும். அதனால் நெல்லாக வைத்திருந்து, இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். வாங்குகிறவர்களிடமும் அரைத்த தேதியை எழுதியே கொடுங்கள். பெரிய ஆலை செய்ய முடியாததை நாம் செய்ய முடிகிற இடம் இதுதான். உமித்தவிட்டையும் தேக்கி வைக்காமல் அந்த வாரமே பயன்படுத்துங்கள். மாட்டுக்கு அளவாகக் கலக்கலாம், எருக்குழிக்குப் போடலாம்.

பராமரிப்புப் பெரிதாக ஒன்றுமில்லை. அரைத்து முடித்ததும் அடித்தவிட்டைத் துடைத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் எலியும் அந்துப்பூச்சியும் குடியேறும். வாரம் ஒருமுறை கிரீஸ். மாதம் ஒருமுறை சல்லடையைக் கழற்றி அடைப்பை நீக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓடாமல் நிற்கும்போது உள்ளே ஒரு கை உமியை ஓட்டி, எண்ணெய் தடவி, சாக்குப் போட்டு மூடவும்.

சேர்ந்து செய்யலாம்

ஒரு விவசாயிக்கு ஒரு ஹல்லர் தேவையில்லை. ஒரே ரகம் போடுகிறவர்களோ ஒரே ஊர்க்காரர்களோ எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தால் போதும். முறை வைத்து அரைக்கலாம், தேய்மான உண்டியலைப் பொதுவாக வைக்கலாம். ரகம் மாறும்போது முதல் இரண்டு கிலோவைத் தனியே எடுத்துவிட வேண்டும், கலப்பு வராது. விதைநெல் மட்டும் மில் கொட்டகைப் பக்கமே வரக் கூடாது.

நெல் ஜெயராமன் அவர்கள் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டு நம் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நெல் அரிசியாகித் தட்டுக்கு வந்தால்தான் அடுத்த போகம் அதை விதைக்க ஆள் இருக்கும். உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கிற ஹல்லர் மில் யாருடையது என்று இந்த வாரமே விசாரியுங்கள். அதில் மிஷின் ஓட்டிய பெரியவர் இருந்தால் முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். பிளேடை எவ்வளவு நெருக்கினால் என்ன சத்தம் வரும் என்பது அவர் காதுக்குத் தெரியும். நான் இங்கே எழுதியதைவிட அதிகமாக அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.